கணக்கு வாத்தியார் ஏறிய மேடை

பிரித்தானியாவைச் சிரிக்க வைக்கும் ரொமேஷ் ரங்கநாதனின் கலைப்பயணமும் மலையக மேடைகளுக்கு அது சொல்லும் சேதியும்

2023ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி. லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ரோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் பாஃப்டா தொலைக்காட்சி விருது விழா நடக்கிறது. பிரித்தானியச் சின்னத்திரைக் கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய விழா கிடையாது. அன்று மேடையில் நின்று அந்த விழாவை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் நகைச்சுவையாளர் ரொப் பெக்கெட். மற்றவர் ரொமேஷ் ரங்கநாதன், இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழ்த் தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை.

ரொமேஷை வெறும் நகைச்சுவையாளர் என்று சொல்லி நிறுத்த முடியாது. தனியாக மேடையில் நின்று ஒன்றரை மணித்தியாலம் சிரிக்க வைப்பார். தொலைக்காட்சி நாடகம் எழுதுவார், அதிலேயே நடிப்பார். ஊர் ஊராகப் போய் பயண நிகழ்ச்சி செய்வார். வினாவிடைப் போட்டி நடத்துவார். வானொலியில் ஹிப் ஹொப் இசைக்கென்று தனி நிகழ்ச்சி வைத்திருந்தார். 2024 முதல் பிபிசி ரேடியோ 2இன் சனிக்கிழமைக் காலை அவருடையது. புத்தகங்களும் எழுதியிருக்கிறார். ஒரே ஆள் இத்தனை வேலையும் செய்வதைப் பிரித்தானியர் வியப்போடு பார்ப்பதில்லை. அது அவர்களின் பழைய கலை மரபு. வியக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. முப்பது வயது தாண்டும் வரை இந்த மனிதர் பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

ரொமேஷ் மலையகத்தவர் அல்லர். நம்முடைய லயங்களிலிருந்து போன குடும்பமும் அல்ல அது. ஆனாலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பொகவந்தலாவையிலும் இருக்கிற நம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இந்தக் கதையைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பலகலை தெரிந்த ஒரு கலைஞன் எப்படி உருவாகிறான், அவனை உருவாக்க ஓர் ஊர் எதைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதில் தெளிவான பதில் இருக்கிறது.

உடைந்த வீடு, நிமிர்ந்த பிள்ளை

இங்கிலாந்தின் தெற்கே, கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் க்ராவ்லி. 1978 மார்ச் 27இல் ரொமேஷ் பிறந்தது அங்கேதான். தொடக்கத்தில் வசதியான குடும்பம். கட்டணம் அறவிடும் ரைகேட் கிராமர் பாடசாலையில் படித்தார். பிறகு காலம் மாறியது. அப்பாவின் பண நெருக்கடியில் வீடு பறிபோனது. பிள்ளைகளோடு அம்மா தற்காலிக விடுதி அறைக்கும், அங்கிருந்து உள்ளூராட்சி சபை கொடுத்த வீட்டுக்கும் போக நேர்ந்தது. மோசடிக் குற்றத்துக்காக அப்பா சிறைக்கும் போனார்.

இவற்றை யாரோ தோண்டியெடுத்து எழுதவில்லை. 2018இல் வெளிவந்த ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா க்ராவ்லி’ என்ற தன்வரலாற்று நூலிலும் நேர்காணல்களிலும் ரொமேஷ் தாமாகவே மனம் திறந்து சொன்னவை. குடும்பத்தின் தாழ்வை மூடி மறைப்பதே மானம் என்று பழகிய சமூகம் நம்முடையது. அவரோ அந்தத் தாழ்வைக் கதையாக்கினார். அப்பாவைப் பழித்துப் பேசவும் இல்லை, புனிதராக்கவும் இல்லை. பிள்ளைகள்மேல் பாசமும் நடத்தையில் குறையும் உள்ள ஒரு மனிதராக அவரை நம் முன்னால் நிறுத்தினார்.

2011இல் அப்பா காலமானார். அவர் நடத்திய மதுச்சாலையின் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது. அந்த அனுபவம் 2018இல் ‘த ரிலக்டன்ட் லேண்ட்லோர்ட்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடராக மாறியது. விருப்பமில்லாமல் அப்பாவின் மதுச்சாலைக்கு முதலாளியாகும் மகனாக ரொமேஷே நடித்தார்.

கரும்பலகையிலிருந்து ஒலிவாங்கிக்கு

க்ராவ்லியின் ஹேசல்விக் பாடசாலையில் ரொமேஷ் கணித ஆசிரியராக இருந்தார். நம் கணக்கில் உயர்தர வகுப்பு என்று சொல்லக்கூடிய மேல் வகுப்புக்குப் பொறுப்பாசிரியராகவும் இருந்தார். மனைவி லீசாவும் அதே பாடசாலையில் நாடகம் படிப்பித்தவர். நிரந்தரச் சம்பளம், மரியாதை, ஓய்வூதியம் என்று எல்லாம் உள்ள வேலை.

மலையகத்தில் ஆசிரியத் தொழிலுக்கு இருக்கிற இடம் நம் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து பறித்துப் படிக்க வைத்த அம்மாவின் கனவு பெரும்பாலும் அந்த நியமனக் கடிதத்தில்தான் நிறைவேறும். ஆகவே ஒருவர் அதை விட்டுவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார் என்றால் நம் வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ரொமேஷும் ஒரே நாளில் வேலையை உதறிவிட்டுப் போகவில்லை. 2010 வாக்கில் பகலில் வகுப்பு, இரவில் மேடை என்று தொடங்கினார். இரண்டையும் சில காலம் இழுத்துக்கொண்டு போன பிறகே முழுநேரக் கலைஞரானார்.

அவர் ஏறிய மேடைகளைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிரித்தானிய நகரங்களில் மதுச்சாலைகளின் மாடி அறைகளிலும் சின்ன மண்டபங்களிலும் வார நாட்களில் நகைச்சுவை இரவுகள் நடக்கும். பெயர் பதிந்துகொண்ட புதியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சபையில் இருபது பேர் இருந்தாலே கூட்டம். வேடம், வாத்தியம், துணை நடிகர் எதுவும் இல்லை. ஒலிவாங்கியும் அவரும் மட்டும். சிரிக்காவிட்டால் சபை அப்படியே மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டு இறங்கி, வீட்டுக்குப் போய், எந்தச் சொல் முந்தியது, எது பிந்தியது என்று யோசித்து, மறுவாரம் இன்னொரு ஊரில் அதையே திருத்திச் சொல்ல வேண்டும். ஒரு நகைச்சுவையாளரின் படிப்பு இதுதான்.

இந்தப் படிப்புக்குப் பரீட்சை மண்டபம் எடின்பரோ விழா. 1947 முதல் ஸ்கொட்லாந்தின் தலைநகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெருங்கலைவிழா அது. ஓகஸ்ட் மாதம் முழுவதும் நகரத்தின் ஒவ்வொரு மண்டபமும் அறையும் அரங்காக மாறிவிடும். 2013இல் ரொமேஷ் தம் முதல் தனி நிகழ்ச்சியை அங்கே கொண்டுபோனார். சிறந்த புதுமுக நகைச்சுவையாளர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இரண்டாவது நிகழ்ச்சி. இம்முறை முதன்மை விருதுக்கே பரிந்துரை. நாலைந்து ஆண்டுச் சிறுமேடைப் பழக்கம் அங்கே பலன் கொடுத்தது.

அவருடைய பாணி தனி. முகத்தில் சிரிப்பு இருக்காது. சலித்துப்போன குரலில், உலகத்தின்மேல் உள்ள குறைகளை எல்லாம் ஒரு ஆசிரியர் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல அடுக்கிக்கொண்டே போவார். மற்றவர்களைச் சாடுவதைவிடத் தம்மைத்தான் கூடுதலாகச் சாடுவார். அவருடைய ஒரு கண்ணிமை சற்றுத் தாழ்ந்திருக்கும். சிறு வயதில் கேலிக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய அந்தக் கண்ணையே மேடையில் முதல் ஆளாக எடுத்துப் பேசிவிடுவார். பிறகு அதை வைத்து யாரும் அவரைக் காயப்படுத்த முடியாது. தம் மனச்சோர்வைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் பிரித்தானிய அமைப்பொன்றுக்குத் துணையாகவும் நிற்கிறார்.

அம்மாவும் திரைக்கு வந்தார்

2015இல் பிபிசி 3 ‘ஏசியன் ப்ரொவோக்கடியர்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. பிள்ளைக்குத் தன் வேர் தெரியவில்லை என்ற அம்மாவின் கவலையே அதன் கரு. ரொமேஷ் இலங்கைக்கு வந்தார். உறவினர்களிடம் போனார், அவர்கள் சொன்ன வேலைகளைச் செய்து பார்த்தார், பெரும்பாலும் தடுமாறினார். அவருடைய தடுமாற்றத்தைப் பார்த்துப் பிரித்தானியா சிரித்தது. சிரிப்பின் ஊடாக, இரண்டு நாடுகளுக்கு நடுவில் வளர்ந்த ஒரு பிள்ளையின் கூச்சமும் ஏக்கமும் பார்ப்பவருக்குப் புரிந்தன.

அந்தத் தொடரின் இன்னொரு நட்சத்திரம் அம்மா சாந்தி. இரண்டாவது தொடரில் மகனோடு அமெரிக்காவுக்கே போனார். வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் தெற்காசியத் தாய்மார்களை வெகுகாலம் ஒரே அச்சில்தான் வார்த்தார்கள்: பேச்சு வராதவர், பயந்தவர், கேலிக்குரியவர். சாந்தி அம்மா அந்த அச்சில் அடங்கவில்லை. மகன் ஒன்று சொன்னால் அவர் இரண்டு திருப்பிக் கொடுத்தார். மகனைவிட அம்மாவுக்கு நகைச்சுவை அதிகம் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. லயத்துப் பெண்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூர்மை புதிதல்ல. கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கும்போதும், நிறுவைக்குக் காத்திருக்கும்போதும் கங்காணிக்கு அவர்கள் கொடுக்கும் பதிலடிகளில் ஒரு முழு நாடகத்துக்கான வசனம் இருக்கிறது. அதை மேடையேற்றத் தகுந்த கலை என்று நாம் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

ஒரே ஆள், பல தொழில்

அதன்பின் ரொமேஷ் தொட்ட துறைகள் வேகமாகக் கூடின. 2018இல் தொடங்கிய பயணத் தொடரில் உல்லாசப் பயணிகள் எளிதில் போகாத ஹெயிட்டி, எத்தியோப்பியா, அல்பேனியா போன்ற நாடுகளுக்குப் போனார். அந்தத் தொடர் 2020இல் பாஃப்டா விருது வென்றது. 2019இல் அரச குடும்பத்தினர் முன்னிலையில் நடக்கும் ‘ரோயல் வெரைட்டி’ நிகழ்ச்சியை ரொப் பெக்கெட்டோடு சேர்ந்து நடத்தினார். 2021இல் ‘த வீக்கெஸ்ட் லிங்க்’ என்ற புகழ்பெற்ற வினாவிடை நிகழ்ச்சி புது வடிவில் திரும்பியபோது நடத்துநர் அவர்தான். 2022இல் ‘அவொய்டன்ஸ்’ என்ற தொடரைச் சேர்ந்தெழுதி நடித்தார். ரொப் பெக்கெட்டோடு அவர் செய்யும் தொடர் 2024இல் பாஃப்டா வென்றது.

இந்தப் பலதுறை ஆற்றலுக்கு அந்த நாட்டில் நீண்ட வேர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியத் தொழிலாளர் குடியிருப்புகளில் இசை மண்டபங்கள் எழுந்தன. பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை எல்லாம் ஒரே இரவில் ஒரே மேடையில் நடக்கும். சார்ளி சப்ளின் வளர்ந்தது அந்த மண்டபங்களில். ஆடவும் பாடவும் சிரிக்க வைக்கவும் போட்டி நடத்தவும் தெரிந்த புரூஸ் போர்சித் பதின்ம வயதில் மேடையேறி எண்பது வயது தாண்டியும் தொலைக்காட்சியில் நின்றார். 1912இல் தொடங்கிய ரோயல் வெரைட்டியும் அதே மரபின் பிள்ளைதான். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துக் களைத்த மக்கள் சில பென்னிகளுக்கு வாங்கிய மகிழ்ச்சி, பின்னாளில் அரசரின் முன்னால் போய் நின்றது.

தமிழிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஜே.பி. சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். விடுதலைப் போராட்டக்காரரான தகப்பன் நாடுகடத்தப்பட்டதால் பிள்ளைப் பருவத்தைக் கொழும்பில் கழித்தவர். சொந்தக் குரலில் பாடினார், மேற்கத்திய பாணியில் ஆடினார், 1958இல் ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம் போட்டார், 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கினார். இலங்கை வானொலி வழியாக அவருடைய பாட்டுகள் நம் லயங்களிலும் ஒலித்தன. ‘சுராங்கனி’ பாடிப் புகழ்பெற்ற ஏ.ஈ. மனோகரன் இந்த நாட்டிலிருந்து போய்த் தமிழகத்தில் பாடகராகவும் நடிகராகவும் பெயர் எடுத்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். பாடவும் நடிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்த ஒருவரை நம் மக்கள் எப்போதும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

மாசி மாதத்து மேடை

மலையகத்துக்கு இந்தப் பலகலை மரபு இரவல் சரக்கல்ல. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து காமன் கம்பம் நட்டால், பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் வரை தோட்டத்தில் தப்புச் சத்தம் ஓயாது. காமன் கூத்தில் மன்மதன், ரதி, சிவன், தூதன், வீரபத்திரன், எமன் என்று வரிசையாக வேடங்கள் வரும். இடையிடையே வருபவன் கோமாளி. அவனுக்குப் பாட்டும் தெரிய வேண்டும், அடவும் தெரிய வேண்டும். வேடம் மாற நேரமானால் சபையைப் பிடித்து வைக்க வேண்டும். தோட்டத்தில் அந்த வாரம் நடந்த சம்பவத்தை நினைத்த மாத்திரத்தில் வசனமாக்க வேண்டும். துரையையோ கணக்கப்பிள்ளையையோ பற்றி பகலில் யாரும் பேசத் துணியாததை அவன் விடியற்காலம் மூன்று மணிக்குச் சொல்லிவிடுவான். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இதே மண்ணில் இரவிரவாக ஆடப்பட்டவை. பகலில் கவ்வாத்து வெட்டிய கைகள்தான் இரவில் கிரீடம் கட்டிக்கொண்டன.

கலை நம்மிடம் பொழுதுபோக்கோடு நின்றதும் இல்லை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டக் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துக் காப்பாற்றினார். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்தார். தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை திரைக்கு வந்தது.

இவ்வளவும் இருந்தும் நம் பக்கத்திலிருந்து ஒரு ரொமேஷ் ஏன் வரவில்லை? திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் அது பொய். காரணங்கள் வேறு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியது. கப்பலேறிப் போன குடும்பங்களோடு கூத்து வாத்தியார்களும் தப்புக் கலைஞர்களும் போனார்கள். கூத்துப் பழகும் பிள்ளைக்கு வாத்தியார் இல்லாமல் போனார். ரொமேஷின் தாய் தகப்பன் வேறு நாட்டுக்குப் போனபோது அங்கே பிள்ளைக்கு இலவசப் பாடசாலையும், வாழ வீடும், வாரந்தோறும் ஏறக்கூடிய மேடையும் இருந்தன. நம்முடைய பாட்டன் பாட்டிமார் இங்கே வந்தபோது கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு லயத்து அறை.

மேடையைத் திறந்து விடுங்கள்

2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவானது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தோம். காணி, வீடு, சம்பளம் என்று அன்று கேட்டவை எல்லாம் நியாயமான கோரிக்கைகள். அவற்றோடு மேடையையும் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

பாடசாலைகளில் ஆண்டுதோறும் தமிழ் மொழித் தினப் போட்டி வருகிறது. நாடகம் போடுகிறோம். பிள்ளை கோட்டத்தில் வெல்கிறது, வலயத்தில் வெல்கிறது, சில சமயம் மாகாணத்துக்கும் போகிறது. சான்றிதழ் கிடைத்ததும் ஒப்பனைப் பெட்டி மூடப்படுகிறது. அந்தப் பிள்ளை மறுபடி மேடையேற அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். பாடசாலையை விட்டு வெளியேறிவிட்டால் அதுவும் இல்லை. நாடகமும் அரங்கியலும் பாடமாகப் படித்த இளைஞர் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறார். நல்ல குரல் உள்ள பெண்பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். கைத்தொலைபேசியில் சிரிப்புக் காணொளி போடும் தம்பிமார் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வித்தை இருக்கிறது. ஆனால் நேருக்கு நேர் ஒரு சபையின் மௌனத்தைச் சந்தித்துத் திருந்தும் வாய்ப்பு கைத்தொலைபேசியில் கிடைக்காது.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஹட்டனில் மண்டபம் இருக்கிறது. கொட்டகலையில், நுவரெலியாவில், தலவாக்கலையில் பாடசாலை மண்டபங்கள் இருக்கின்றன. தோட்டங்களில் சனசமூக நிலையங்களும் கோவில் முற்றங்களும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று திறந்துவிட்டால் போதும். பாட்டோ கதையோ பகிடியோ தப்போ, எதுவாகவும் இருக்கட்டும். பரிசும் தலைமையுரையும் பொன்னாடையும் வேண்டாம். தவறினால் அடுத்த மாதமும் வரலாம் என்ற உறுதி மட்டும் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று ஆண்டுதோறும் வெளிவரும் இளம் ஆசிரியர்கள் நினைத்தால் இதை நாளையே தொடங்கலாம். மேடையில் நிற்கத் தெரிந்த ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை படிக்கட்டும், நியமனம் எடுக்கட்டும். ரொமேஷும் படித்தவர், படிப்பித்தவர். மாலையில் அவன் கூத்துப் பழகப் போனால் தடுக்காதீர்கள். பகிடி விட்டால் வாயை மூடு என்று அதட்டாதீர்கள். நம் தோட்டத்துப் பேச்சில் பேசினால் கொழும்புத் தமிழ் பேசு என்று திருத்தாதீர்கள். ரொமேஷ் தம் வீட்டு அம்மாவின் பேச்சைத்தான் உலகத்துக்குக் கொண்டுபோனார். நம் வீட்டு அம்மாவின் பேச்சும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

வருகிற மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் நடும்போது, கோமாளி வேடத்தை இந்த முறை ஓர் இளைஞருக்குக் கொடுங்கள். ஒரு பெண்பிள்ளை கேட்டு வந்தாலும் மறுக்காமல் கொடுங்கள்.